த்ராட்டில் பாடியில் ஒரு விரல்

கோகிலவாணி மட்டும் இப்போது வந்துவிடக் கூடாது என்று சிவபிரகாஷ் கும்பிடாத சாமியில்லை. ஒற்றைக் கையால்தான் கும்பிட முடிந்தது. இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன் லாரியோடு நின்றிருக்கலாம். விதி விடவில்லை. பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒற்றை ஆள் உட்காரும் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டினான்.

பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சின், பிஸ்டனே இல்லாமல் சுழலும் ரகம். அதற்குள் போகும் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடி இரண்டையும் பொருத்திவிட்டால் ஆறு வருட வேலை முடிந்தது. இரண்டாவதையும் முடுக்கிவிட்டு, உள்ளே பிசிறு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினான். அங்கேதான் சனி பிடித்தது.

விமானத்துக்குள் த்ராட்டில் நெம்புகோலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவியது. குழாயை மூடும் வட்டத் தகடு படாரென்று திரும்பி விரலைக் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரட்டை ஸ்பிரிங் போட்ட புண்ணியவான் அவனேதான். ஆப்பசைத்த குரங்கின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சிரித்தவன், இப்போது அந்தக் குரங்குக்காக வருத்தப்பட்டான்.

யாராவது உள்ளே ஏறி உட்கார்ந்து நெம்புகோலை முன்னே தள்ளினால் தகடு திறக்கும். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஈ காக்கை இல்லை. போன் சட்டைப் பையில், சட்டை எதிர்ச் சுவர் ஆணியில். தகரம் அனலாகக் கொதித்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தது அவன் மனைவி கோகிலவாணியேதான்.

அவளுக்கும் விமானத்துக்கும் ஆகாது. கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அதை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போவாள். ஒரு வருடமாக வாரத்தில் பாதி நாள் பெங்களூரு அக்கா வீடே கதி என்று கிடக்கிறாள். ஏன் என்று கேட்டால் சண்டை வரும் என்று அவனும் கேட்டதில்லை.

"ஏனுங்க, எஞ்சினுக்கு நாடி புடிச்சுப் பாக்கறீங்களா?"

"வெரல் மாட்டிக்கிச்சு வாணி! உள்ள ஏறி உக்காரு. எடது பக்கம் கறுப்பா ஒரு..."

அவன் சொல்லி முடிக்குமுன் போசியைக் கீழே வைத்து, இறக்கையில் கால் ஊன்றி ஏறி உட்கார்ந்துவிட்டாள். கை நேராக நெம்புகோலுக்குப் போனது. ஆனால் தள்ளவில்லை.

"நாளைக்குக் காத்தால காஞ்சு கெடக்கற ஏரிக்குள்ள இத ஓட்டப் போறீங்களாமா?"

இவளுக்கு யார் சொன்னது? பட்டறை பெயிண்டர் மணிமாறனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அந்தப் பாவி வாய்க்குப் பூட்டே கிடையாது.

"சும்மா, தரையில உருட்டிப் பாக்கலாம்னு."

"உருட்டறதுக்கு றெக்கை எதுக்குங்க?"

விமானத்துக்கு அனுமதி வந்துவிட்டது. அதை ஓட்டுகிறவனுக்குத்தான் வரவில்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். லாரிக்கு பெயிண்ட் டின்னைத் திறப்பதென்றால்கூட மணிமாறனைக் கேட்டுத்தான் திறப்பான். சோதித்த டாக்டர், ஜென்மத்துக்கும் உனக்கு லைசென்ஸ் கிடையாது என்று கையை விரித்துவிட்டார். லைசென்ஸ் கிடக்கட்டும், யாரும் எழுமுன் ஒரே ஒரு சுற்று மேலே போய் வந்துவிடுவது என்று அவனுக்கு வீம்பு.

"ஓட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"மொதல்ல வெரல எடுத்து உடு. நீலம் பூத்துப் போச்சு."

"சத்தியம் பண்ணுங்க, எடுத்து உடறேன்."

"நாளைக்கு ஓட்டல. போதுமா?"

"நாளான்னிக்கு ஓட்டுவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு? எப்பவுமே ஓட்டமாட்டேன்னு நிலா மேல சத்தியம் பண்ணுங்க."

"புள்ளைய எதுக்கு இதுல இழுக்கற?"

"அவளுக்கு அப்பன் வேணுமில்லீங்க, அதுக்குத்தான்."

சிவபிரகாஷ் ஒருமுறை வெறிகொண்டு இழுத்துப் பார்த்தான். உயிர் போய் உயிர் வந்தது. விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே தன் ஆறு வருடமும் நசுங்குவதுபோல் இருந்தது. கொல்லிமலையை ஒரே ஒருமுறை மேலேயிருந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை பாடும் பட்டான். அவளோ போசியை எட்டிப் பார்த்து, "சோறு ஆறுதுங்க" என்றாள்.

"நிலா மேல சத்தியமா எப்பவும் ஓட்டமாட்டேன்" என்றான்.

நெம்புகோல் முன்னே போனது, தகடு திறந்தது. விரலை உருவி வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது வலியால் மட்டுமல்ல.

"எறங்கு வாணி. பழைய இரும்புக்காரனை நாளைக்கே வரச் சொல்லிடறேன். ஓட்ட ஆளில்லாத ப்ளேன எத்தனை நாளைக்குத் தொடச்சுட்டு இருக்கறது?"

அவள் இறங்கவில்லை. சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்து, இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"பெங்களூருல ப்ளேன் ஓட்டப் படிச்சேன், எனக்கு லைசென்ஸ் வந்துருச்சுங்க."