அப்பாவின் இலை

எங்களுக்கும் பேத்திக்கும் கறியைப் பிய்த்து ஊட்டிவிட்டு எலும்பை மட்டும் கடித்தவர் அப்பா. பல்லெல்லாம் விழுந்தபின் ரசஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தார். பல்செட் கேட்டபோது அண்ணன், "இந்த வயசுல எதுக்குப்பா? யாரப் பாத்து சிரிக்கப் போற?" என்றான். கருமாதிப் படையலில் அவனே பெரிய பெரிய எலும்பும் கறியுமாகப் பொறுக்கி அப்பாவின் இலையில் வைத்தான். சூடம் கொளுத்தியதும் அவன் மகள் கேட்டாள்.

"தாத்தாவுக்குத்தான் பல்லே இல்லியே. எப்பிடிக் கடிப்பாரு?"

"சாமியாயிட்டாருடி. இனிமே எல்லாம் கடிப்பாரு" என்றான் அண்ணன்.

அக்கா செண்பகவல்லி குனிந்து, கறியை இலையோடு தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நாங்கள் கும்பிட்ட கைகளோடு நின்றோம். சூடம் அணையும்வரை உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.