வீட்டுக்காரர்

நில அளவையர் உள்ளே வந்தபோது, பாதி எழுந்த சுவரின் மேல் நின்றவனை அவள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு எங்கய்யா இருக்கு? சுவரு பாம்பு மாதிரி வளையுது. இடிச்சுட்டுக் கட்டு!”

“கட்டறேன் தாயே, கத்தாத.”

அளவையருக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டிலும் இதே பாட்டுதான்.

“இடத்தை அளந்தாச்சும்மா. வீட்டுக்காரரை இறங்கி வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இன்னிக்கு விட்டா நான் திரும்ப வர ஒரு மாசம் ஆயிடும்.”

“நான்தான் சார் போடணும்.”

“விளையாடாதீங்க. அப்ப அவரு யாரு?”

“கொத்தனாரு.”

அளவையர் நம்பவில்லை. நிமிர்ந்து அவனிடமே கேட்டார்.

“கூலிக்கு வந்தவரா நீங்க? இவ்வளவு திட்டு வாங்கிட்டுப் பதிலுக்குத் திட்டாம இருக்கீங்க?”

“பத்து வருஷம் இவளுக்குப் புருஷனா இருந்தேன் சார். ஒண்ணு சொன்னா ஒன்பது பேசுவேன். விவாகரத்து பண்ணிட்டா. இந்த வேலையாவது நிலைக்கட்டுமே!”

“குடும்பந்தான் நடத்தத் தெரியல, சுவராவது கட்டுவான்னு நெனச்சேன்” என்றாள் அவள்.

அளவையர் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“போடுங்க, வீட்டுக்காரரே.”