குச்சி நழுவிய இடம்

ஸ்கூட்டரை ஓரங்கட்டினான்.

எதிரே தாய்மாமன் சீர் வந்துகொண்டிருந்தது. காலை பதினோரு மணிக்குத் திண்டுக்கல் கடைவீதி மொத்தமும் ஒதுங்கி வழிவிட்டது. தாம்பாளத் தட்டுகள் ஐம்பதுக்குக் குறையாது. மாலை போட்ட கிடா ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்புக் கோட்டு மாட்டிய பேண்டு செட்டு.

வாசித்தது அவன் பாட்டு.

அவன் பாட்டு என்றால், அவன் டிரம்ஸ் அடித்த பாட்டு. 'உப்புத் தண்ணி' என்கிற ராக் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தில் நான்காவது. முதல் ஆல்பத்தைச் சொந்தக்காரர்களே கேட்கவில்லை. இரண்டாவது ஐந்து மாதமாக முதலிடத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஆட்டோ, ஜிம், பரோட்டாக் கடை, எங்கே போனாலும் அதுதான்.

எல்லாம் அந்த ஓர் இடத்தால்.

கடைசிச் சரணத்துக்கு முன் பாட்டு சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு பிய்த்துக்கொண்டு கிளம்பும். மேதைமை என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.

ஸ்டூடியோவில் அவன் கையிலிருந்து குச்சி நழுவிய இடம் அது. வாடகை நேரம் முடிந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

பாராட்டு வரவர அவனுக்கு உடம்பு கூசியது. திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்தது. நான்கு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியிலிருந்தே வேறு ஆள் பார்த்துக்கொள் என்று பேண்டின் பாடகி மெர்லினிடம் சொல்லிவிட்டு மெட்ராஸிலிருந்து ஊருக்கு வந்துவிட்டான்.

இங்கேயும் துரத்திக்கொண்டு வந்து நிற்கிறது.

சைடு டிரம்காரனுக்கு அவன் வயதுதான் இருக்கும். வியர்த்து ஊற்றியது. யாரோ நீட்டிய மோரை வாங்கக் கை இல்லாமல் தவித்தான். கொஞ்ச நேரம் நான் அடிக்கட்டுமா என்று இவன் இறங்கிப் போய்க் கேட்டபோது, முழுதாகக் கேட்டு முடிக்குமுன்பே டிரம் இவன் கழுத்துக்கு வந்துவிட்டது.

அந்த இடம் வந்தது.

நிறுத்தவில்லை. பாட்டு எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி, ஒரு அடிகூடப் பிசகாமல் அடித்துக்கொண்டு போனான்.

ஊர்வலமே தடுக்கி விழப் பார்த்தது. ட்ரம்பெட் முழித்தது. ஆடிக்கொண்டிருந்த மாமன்மார் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். ஆப்பிள் தட்டோடு வந்த அத்தை முன்னால் போனவர் முதுகில் மோதினார்.

டிரம்காரன் மோர் டம்ளரோடு நெருங்கி வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"அங்க நிப்பாட்டணும்ணே. அந்த எடத்துக்குத்தான் இந்தப் பாட்டயே கேக்குறாங்க."

மறுபடி முதலிலிருந்து.

இந்த முறை நிறுத்தினான். முதல்முறையாக, வேண்டுமென்றே.

தெருவே நின்றது.

அந்த நிசப்தத்தில் கிடா ஒரு குரல் கொடுத்தது. தட்டு ஏந்திய பெண்கள் அத்தனை பேரும் சிரித்த சிரிப்போடு பாட்டு மறுபடி கிளம்பியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் கலங்கியதை வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டான். இத்தனை பேருக்குச் சொந்தமானதை ஒருவன் எங்கே திருடுவது?

மண்டப வாசல் வரை அவனே அடித்தான். பாட்டு இன்னும் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் நிறுத்தினான்.

குச்சியைத் திருப்பி வாங்கிக்கொண்ட டிரம்காரன், பரவாயில்லை, பழகினால் வந்துவிடும் என்றான். எந்த செட்டில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டான்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"மெட்ராஸ்ல ஒரு செட்டு," என்றான். "ஞாயித்துக்கிழம கச்சேரி இருக்கு."