இருட்டுவதற்குள் ஒரு இணையதளம்

ஓசூர் பேக்கரியின் கண்ணாடியைத் தாண்டி வரும் நான்கு மணி வெயிலில் வினோதாவின் லேப்டாப் திரை கண்ணைக் கூசுகிறது. சானமாவுக் காட்டு யானைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று ஊருக்குச் சொல்ல லாரவெல் என்ற மென்பொருளில் அவள் எழுதிய இணையதளம், 500 என்ற பிழை எண்ணை மட்டும் காட்டுகிறது. இருட்டினால் கேழ்வரகுக் கொல்லைக்குக் காவலுக்குப் போகிறவர்கள் அதை நம்பித்தான் நடக்க வேண்டும். தளம் இருப்பது பலர் பங்கிட்டுக்கொள்ளும் மலிவு சர்வரில். கோப்புகளை ஏற்றலாம், உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க முடியாது. சர்வர் கம்பெனியின் ஹரீஷ்குமார் பெங்களூரிலிருந்து அரை மணி நேரமாகப் போனில் இருக்கிறான். “புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல் ஏத்துனீங்களா மேடம்?” “எல்லாத்தையும் செலக்ட் பண்ணித்தானே ஏத்துனேன்?” “அது உங்க லேப்டாப்லயே மறைஞ்சிருக்கும். மறைஞ்சதைக் காட்டச் சொல்லுங்க.” காட்டச் சொன்னதும் தளம் ஓடத் தேவையான கடவுச்சொற்கள் உள்ள அந்தக் கோப்பு மங்கலாகத் தலைகாட்டுகிறது. ஏற்றுகிறாள். ஆறி ஏடு படிந்த டீக்கு மேலே, திரையில் பச்சை வரைபடம் விரிகிறது. “வந்துருச்சு சார்! நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்!” “அது இருக்கட்டும் மேடம். ஜவளகிரியும் சேர்ப்பீங்களா? எங்க அக்காவைக் குடுத்த ஊரு, அங்கயும் யானை வரும்.” லிங்கை ஊர்க் குழுவுக்கு அனுப்பிவிட்டு, வினோதா வரைபடத்தை இழுத்து ஜவளகிரியைத் தேடுகிறாள். “அக்கா நம்பர் சொல்லுங்க சார், அவங்களுக்கும் லிங்க் அனுப்புறேன்.”