ஐம்பதாம் நம்பர்

"அம்பதுதான் ஊத்துவேன்!"

"முப்பதாம் நம்பர் எண்ண ஊத்துற வண்டிக்கு எதுக்கு அம்..."

"நீ சும்மா கெட புள்ள! மெல்லிசு எண்ண ஊத்துனா இன்ஜின் தட்டுறது தெருவுக்கே கேக்கும். கெட்டியா ஊத்துனாத்தான் வாய மூடிக்கிட்டு ஓடும்."

"அது ஏமாத்து வேல மச்சான். வாங்குறவரும் புள்ளகுட்டிக்காரருதான?"

சலீமா பீவிக்கு நியாயம் ஒரு சாக்கு. டாக்சி விலைபோனால் புருஷன் பினாங்குக்குக் கப்பலேறிவிடுவான். வண்டியை விற்றுவிட்டு வா என்று அங்கிருந்து அவன் அண்ணன் சொல்லியாயிற்று. அண்ணன் பேச்சுக்கு அப்துல் ஹக் மறுபேச்சுப் பேசியதில்லை.

அந்த அண்ணனின் பெண்டாட்டி, இதே முதுநகரில், ஏழு வருஷமாகப் போட்டோவோடு குடித்தனம் நடத்துகிறாள்.

அவன் பானெட்டைத் தூக்கினான். இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றினான்.

சலீமா உள்ளே போய் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கையேந்தினாள். அந்த இன்ஜின் இன்றைக்கு ஒருதரம் உண்மை பேசட்டும், ரப்பே. வேறொன்றும் கேட்கவில்லை.

வாங்க வந்த சிதம்பரத்து ராஜாமணி, அவனையும் ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் வரை ஓட்டிப் பார்க்கப் போனார்.

திரும்புகையில் வண்டிக்கு முன்னால் சத்தம் வந்து சேர்ந்தது. டொக், டொக், டொக்.

"பாய், உள்ள எவளோ அவல் இடிக்கிறா. இடிச்சு முடிச்சதும் சொல்லி அனுப்பு, வர்றேன்."

ராஜாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

"வண்டி வெல போவலன்னு அண்ணனுக்கு எழுதிடுறேன்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான் அப்துல் ஹக்.

சலீமாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டான் அல்லா. இன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கிவிட வேண்டியதுதான்.

அடுப்புக்கு விறகு உருவினாள். விறகுக்குப் பின்னால் புது எண்ணெய்த் தகர டப்பா. மேலே பெரிதாக ஐம்பது என்று போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். சீல்கூட உடைக்கவில்லை.

டப்பாவைப் பிள்ளைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்துக்குச் சோப்புப் போட்டான். போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டான்.

"ஏன் மச்சான், அம்பது அடுப்படியில கெடக்கு. வண்டிக்கு என்னத்த ஊத்துனீங்க?"