பக்கத்துக் கதிரைக்காரன்

அந்த இங்கிலாந்துக் கால்பந்துக் கழகத்தை ஒரு வெளிநாட்டு அரசர் வாங்கிய பிறகு, மைதானத்தில் இரசிகர்கள் உட்காரும் கதிரைகள் பேசத் தொடங்கின. அதுவும் அவரவர் மொழியில்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கதிரைக்கு முன்னால வாயைத் திறக்காதேங்கோ," என்று வதனி ஒவ்வொரு சனிக்கிழமையும் கணவன் குகநேசனிடம் சொல்லித்தான் ஆட்டத்துக்கு அனுப்புவாள். அவனுக்கும் அந்தக் கதிரையை நம்ப மனமில்லை. ஆனால் அணி வென்றுகொண்டிருந்ததால் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் உட்காருபவன் ஹாதி, அந்த அரசரின் நாட்டிலிருந்து உயிர் தப்பி வந்தவன். அன்று கோல் விழுந்த இரைச்சலுக்குள் யாரோ, "அரசன் கொலைகாரன்!" என்று கத்தினார்கள்.

"கத்தியது உங்கள் பக்கத்தில் இருப்பவரா?" என்று கதிரை மெல்லக் கேட்டது.

யாருக்குத் தெரியும் என்கிற பாவனையில், நம்மவர்கள் வழக்கப்படி குகநேசன் தலையை லேசாக ஆட்டிவைத்தான்.

"உறுதிப்படுத்தியதற்கு நன்றி," என்றது கதிரை.

அடுத்த சனிக்கிழமை ஹாதியின் இடம் வெறுமையாகக் கிடந்தது. அவனை நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக வாசற்காவலர் சொன்னார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று வீட்டில் வதனி கேட்டாள்.

"நான் வாயே திறக்கேல்லையப்பா. சும்மா தலையைத்தான் ஆட்டினனான்."

வதனி அவனையே பார்த்தாள். யாழ்ப்பாணத்துச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடி இராணுவத்துக்கு ஆள்காட்டியாக நின்றவனும் அவளுடைய அண்ணனைப் பார்த்து வாய் திறக்கவில்லை. தலையைத்தான் ஆட்டினான்.