தும்பி அழித்த வரி

சுத்தியலின் முதல் அடியில் கீபோர்டு இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது அடி மென்பொருள் குழுப் பொறுப்பாளரின் முழங்காலில் விழுந்தது. அவர் போட்ட அலறல் கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும். ஆனால் இந்தக் காலத்தில் எவன் அடுத்தவன் சண்டையில் தலையைக் கொடுக்கிறான்?

"தும்பின்னு பேர் வெச்சுக்கிட்டு எழுதறது நீதானே?" தச்சர் அவருடைய வலது கையை இழுத்து மேசைமேல் வைத்து அழுத்தினார். "என் தம்பிக்கு மூணு விரல் போச்சுடா. உன் விரலை எடுக்காம நான் இங்கேருந்து போகமாட்டேன்."

தச்சரின் பட்டறையில் மரம் அறுக்கும் எந்திரத்தைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. அதிலிருக்கும் மென்பொருள், பொறுப்பாளரும் முகம் தெரியாத சில தொண்டர்களும் ஓய்வு நேரத்தில் எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாகத் தருவது. எந்திரத்தின் கதவைத் திறந்தால் ரம்பம் நின்றுவிடும். போன வாரம் வந்த புதுப் பதிப்பில் நிற்கவில்லை. வழக்கம்போல் தம்பி கதவைத் திறந்து கையை விட்டான்.

"நான் தும்பி இல்லீங்க, அது வேற ஆளு," என்றார் பொறுப்பாளர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ப்ரோகிராம்ல ரம்பத்தை நிறுத்தற அந்த வரி பழைய மெஷினுக்கானது, அந்த மெஷின் இப்ப யாருகிட்ட இருக்கப்போகுது, எடுத்துடலாம்னு தும்பி சொன்னாங்க. நான் வேணாம்னேன். யாராவது பயன்படுத்தறீங்களான்னு இணையத்துல எங்க குழுவுல கேட்டோம். ஒருத்தரும் பதில் சொல்லல."

"நான் ரம்பத்துக்கு முன்னாடி நிக்கறவன்டா. உங்க குழுவுல வந்து பதில் எழுதிக்கிட்டிருப்பேனா?"

"சம்பளமில்லாம உழைக்கறவங்க. முதல் வேலை முடிச்சா ஒரு டீ-ஷர்ட் பார்சல்ல அனுப்புவேன், அவ்வளவுதான். எடுத்ததுக்கெல்லாம் கூடாதுன்னா விட்டுட்டுப் போயிடுவாங்க. அதான் கடைசில சரின்னுட்டேன்."

"அவனுக்குச் சுதந்திரம், என் தம்பிக்கு மொட்டைக் கையா?"

தச்சர் விட்ட அறையில் பொறுப்பாளரின் உதடு கிழிந்தது. ரத்தம் சட்டையில் சொட்டியது. தச்சருக்கும் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் பிடி தளரவில்லை.

"காசில்லாமக் கிடைக்குதுப்பான்னு என் பொண்ணுதான் இதை மெஷின்ல போட்டுக் குடுத்தா. இப்ப ஆஸ்பத்திரில சித்தப்பா பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டே கிடக்கா. ஒரு வாய் சோறு இறங்கல. சொல்லுடா, தும்பி யாரு?"

"சத்தியமா ஆளைப் பார்த்ததில்லீங்க. எல்லாரும் புனைபேர்லதான் எழுதறாங்க. என் விலாசம் உங்களுக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. இந்த மென்பொருள் பேரைப் போட்டு ஒரு பார்சல் கவர் என் வீட்டுல கிடந்துச்சு. அனுப்பினவன் இடத்துல உன் விலாசம்."

பொறுப்பாளர் தச்சரின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"உங்க வீடு... மரக்கடைக்குப் பின்னாடியா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

பொறுப்பாளர் மடக்கி வைத்திருந்த விரல்களை மேசைமேல் ஒவ்வொன்றாக விரித்தார்.

"பொய் சொன்னேங்க. நான்தான் தும்பி. என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

இவ்வளவு அடி வாங்கியவன் இப்படிப் பட்டென்று ஒப்புக்கொண்டது தச்சருக்கு வெறியைத்தான் கிளப்பியது. சுத்தியல் சுண்டுவிரலில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் இருவருக்குமே கேட்டது. பொறுப்பாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், கையை மட்டும் இழுக்கவில்லை.

அடுத்த விரலுக்காகச் சுத்தியல் உயர்ந்தபோது, உடைந்து தொங்கிய கதவைத் தள்ளிக்கொண்டு தச்சரின் மகள் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. மூச்சு இரைத்தது.

"நீ எதுக்கும்மா இங்க வந்த? வெளியே போ! இவன்தான் தும்பி, அவனே ஒத்துக்கிட்டான்."

அவள் போகவில்லை. நொறுங்கிய அந்தக் கையை மெல்ல நகர்த்திவிட்டு, அதே இடத்தில் தன் கையை விரித்து வைத்தாள்.

"அடிங்கப்பா, அந்த வரியை அழிச்சது இந்தக் கைதான்."